சத்தத்துக்கு முன் புகை

மார்ச் 2

அக்கா,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதைக் கிழித்தும் போடலாம். ஆனால் கிழிப்பதற்கு முன் பிரித்துப் பார்ப்பாய். அந்த அளவுக்கு உன்னைத் தெரியும்.

அப்பா இறந்து ஐம்பது நாள். பள்ளிக்கூட மைதானத்துக்கு அவர் பெயரை வைக்கப்போகிறார்கள். ஏப்ரல் 20. அன்று ஒரு சின்ன நினைவுப் புத்தகம். முப்பத்திரண்டு பக்கம். தொகுப்பவன் நான். "எட்டு வருஷமா ஆராய்ச்சி பண்றீங்க, ஒரு முப்பது பக்கம் எழுத முடியாதா?" என்றார் தலைமையாசிரியை. ஆராய்ச்சி செய்வதற்கும் எழுதி முடிப்பதற்கும் சம்பந்தமில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

அப்பாவின் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மேசையில் இரண்டு ஸ்டாப்வாட்ச். ஒன்று ஓடுகிறது. ஜன்னலோரம், அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால் பவுடர் டப்பா. சுண்ணாம்புக் கோடு போட. முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று: மூன்று, நான்கு, ஐந்து. வாலிபால் கோர்ட்டின் மூலைகளைச் செங்கோணமாக்க. பிதாகரஸை அவர் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கயிற்றைக் கையில் கொடுத்தார். இவ்வளவுதான் இதுவரை எழுதியிருக்கிறேன். இன்னும் சில வரிகள்:

முப்பத்தொரு வருடம், ஒரே பள்ளி. பகலில் கணக்கு, மாலையில் ஓட்டம். பிள்ளைகள் வைத்த பெயர் 'அரை விநாடி'. யார் எப்படி ஓடினாலும் "அரை விநாடி சோம்பேறித்தனம் பண்ணிட்டே" என்பார். ஊருக்கு மாற்றல் கேட்டதில்லை. சனிக்கிழமை மாலை வீட்டில் உள்ள எல்லாச் செருப்பையும் காலணியையும் வரிசையாக வைத்துத் துடைப்பார். நல்ல குடும்பத் தலைவர்.

கடைசி வரி சரியில்லை. தெரியும்.

ஓட்டப் பந்தய நாட்களில் காலையில் உனக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். "உங்க அம்மா பின்னினா ஐம்பது மீட்டர்ல அவிழ்ந்திடும்." அதை எழுதலாமா என்று தெரியவில்லை. அது உன்னுடையது.

ஒரு பக்கம் எழுதித் தா. அவரிடம் ஓடியவர்களிலேயே வேகம் நீதான். நீ இல்லாமல் புத்தகம் வந்தால் ஊர் கேட்கும். ஊர் கிடக்கட்டும். எனக்கு வேண்டும்.

அப்பா இறந்த அன்று நீ வாசலில் இருபது நிமிடம் நின்றுவிட்டுப் போனதை அம்மா பார்த்தாள்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

பிரித்துப் பார்த்தேன். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தால்தான் ஒரு முறை புரிகிறது. நான் ஆஸ்பத்திரிப் பதிவு கவுன்ட்டரில் நாளைக்கு முந்நூறு பேருக்குப் பெயர், வயது எழுதுகிறவள். எனக்கு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி ஜன்னலைப் பார்க்கத் தெரியாது. நேராகச் சொல்கிறேன்.

எழுதுகிறேன். ஒரு நிபந்தனை. அவர் விளையாட்டுச் சங்கத்துக்கு எழுதின கடிதத்தை என் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அச்சடிக்க வேண்டும். சங்கம் எனக்கு அனுப்பின நகல் என்னிடம் இருக்கிறது. உனக்கு மறந்திருக்கும், நீ அப்போது பத்தாம் வகுப்பு. நினைவுபடுத்துகிறேன்.

எனக்குப் பதினேழு. வட்டார நூறு மீட்டர். தலைநகரத்து விளையாட்டு விடுதியில் சேர 12.5 விநாடிக்குள் ஓட வேண்டும். அந்த வருடம் தவறினால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். நான் முதலாவதாக வந்தேன். வாட்ச் 12.5 காட்டியது. எனக்கு அடுத்து வந்தவளுக்கு 12.9. தெளிவாக ஜெயித்தேன். பிள்ளைகள் என்னைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். ஒருத்தி என் காலணியையே கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள், ஞாபகார்த்தமாம். அது திரும்பி வரவில்லை.

நான்காம் நாள் அவர் சங்கத்துக்கு எழுதினார். "முதலிடத்துக்கு நேரம் பார்த்தவன் நான். துப்பாக்கியின் புகையைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டு வாட்ச்சை அமுக்கிவிட்டேன். தவறு என்னுடையது. இந்த நேரத்தை ஏற்க வேண்டாம். மறு ஓட்டத்துக்கு அனுமதி தாருங்கள்." மறு ஓட்டம் கிடைக்கவில்லை. கடைசித் தேதி முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், முன்பே நாள் குறித்தது. மூன்று மாதம் படுக்கை. சமைத்தது யார், துவைத்தது யார், உன் டிபன் பாக்ஸில் சோறு போட்டது யார் என்பது உனக்கே தெரியும். வீட்டுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கிடைத்துவிட்டது.

மற்றவர்களின் அப்பா பொய் சொல்லிப் பிள்ளையை மேலே ஏற்றுவார்கள். எனக்கு வாய்த்தவர் பொய் சொல்லிக் கீழே இறக்கினார். நல்ல குடும்பத் தலைவர். அந்த வரியை நீக்காதே, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அக்கா


மார்ச் 14

அக்கா,

அந்தக் கடிதத்தை அச்சடிக்கத் தலைமையாசிரியை ஒத்துக்கொள்ள மாட்டார். "விழாவுல எதுக்குங்க பழைய புண்ணு?" என்பார். நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இன்று ஒரு லாரி டிரைவர் வந்தார். அப்பாவிடம் நானூறு மீட்டர் ஓடியவராம். கணக்கில் மூன்று முறை தோற்றாராம். "சார் என்னை ஒரு தடவைகூட அடிச்சதில்ல. ஆனா தோத்த நாள்ல கூடவே ஓடுவார். அதுக்கு அடியே தேவலாம்னு இருக்கும். நின்னா, 'என்னடா, கணக்குதான் வரல, காலுமா வரல?'ம்பார்." எழுதிக்கொண்டேன். போகும்போது உன்னை விசாரித்தார். நலம் என்றேன்.

பழைய விடைத்தாள்கள் ஒரு பெட்டி நிறைய. தப்பான விடைக்குச் சிவப்பில் பெருக்கல் குறி போட்டதே இல்லை அவர். தப்பு ஆரம்பிக்கும் வரியின் அடியில் ஒரு சின்னக் கோடு மட்டும். அதற்குப் பிறகு வரும் எல்லா வரியும் தப்புதான். ஆனால் கோடு ஒன்றே ஒன்று.

அவர் உன்னைத் தடுக்க நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மனிதர்களுக்குக் கை தவறும். அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

லாரி டிரைவர், விடைத்தாள், சின்னக் கோடு. நன்றாகத்தான் இருக்கிறது. என் கேள்வியைச் சுற்றி மைதானம் முழுக்க ஓடிவிட்டு வந்திருக்கிறாய்.

கை தவறும் என்கிறாய். யாருக்கு? நம் இரண்டு பேருக்கும் ஐந்து வயதிலிருந்து அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான். துப்பாக்கி வெடித்ததும் புகை உடனே தெரியும். சத்தம் நூறு மீட்டரைக் கடந்து வர பத்தில் மூன்று விநாடி ஆகும். சத்தத்துக்கு அமுக்கினால் ஓடியவருக்குப் பத்தில் மூன்று இனாம். "காதைப் பொத்திக்கோ, கண்ணைத் திற." சாப்பிடும்போதுகூடச் சொல்வார். தூரத்தில் யாராவது விறகு பிளந்தால் நிறுத்தி, "கோடாலி எப்ப விழுந்துச்சு, சத்தம் எப்ப வந்துச்சு?" என்று கேட்பார். ஒருமுறை கல்யாண வீட்டில் வேட்டுக்கு விரலை அமுக்கிக் காட்டி மாப்பிள்ளையின் அப்பாவிடம் திட்டு வாங்கினார்.

அந்த மனிதர் சத்தத்துக்கு அமுக்கினாரா? அதுவும் என் ஓட்டத்தில்?

அமுக்கியிருக்க மாட்டார். அதனால் அவர் எழுதியது பொய். பொய்க்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் படுக்கையில் இருந்தது. இதில் எந்த வரியின் அடியில் கோடு போடுவாய்?

பதில் சொல்ல முடிந்தால் எழுது. முடியாவிட்டால் என்னை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் போட்டுக்கொள்.

அக்கா


மார்ச் 23

அக்கா,

காரணம் சொன்ன வரியின் அடியில்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை கிழித்தாயிற்று. அதற்குள் எதையும் முடிவு செய்யாதே.

தம்பி


மார்ச் 30

அக்கா,

வாட்ச்சைப் பிடித்திருந்தவன் நான்.

இந்த வரியைப் பத்தொன்பது வருடம் எழுதவில்லை. எழுதிப் பார்த்தால் சிறியதாக இருக்கிறது.

முதலிடத்துக்கு நேரம் பார்க்க வேண்டியவர் டிராயிங் மாஸ்டர். காலையில் கடவாய்ப் பல் வீங்கி வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா முடிவுக் கோட்டில் நின்று யார் முதல், யார் இரண்டு என்று பார்க்க வேண்டும். இரண்டாம் வாட்ச் பக்கத்துப் பள்ளி ஆசிரியையிடம். முதல் வாட்ச்சை என்னிடம் கொடுத்தார். மாணவன் நேரம் பார்க்கக் கூடாது என்பது விதி. தாளில் அவரே கையெழுத்துப் போட்டார். எனக்குத் தெரிந்து, ஒரு நாள் அவசரத்துக்கு அவர் மீறிய ஒரே விதி அது. நீ நூறு மீட்டர் தள்ளித் தொடக்கக் கோட்டில் குனிந்திருந்தாய். என் கையில் என்ன இருக்கிறது என்பது உனக்குத் தெரிய வழியில்லை.

"புகையைப் பாரு" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சுவருக்கு வெளியே ஒருவர் சைக்கிளில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடியில் வானம் நகர்ந்தது. அதைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு விநாடி இருக்கும். சத்தம் கேட்டது. கட்டைவிரல் தானாக அமுக்கியது.

12.5. உன்னைத் தூக்கினார்கள். நானும் கத்தினேன். அந்த நேரத்தில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

அப்பா இரண்டு வாட்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பந்து வைக்கும் அறைக்குப் பின்னால் கூப்பிட்டுக் கேட்டார்.

"எதைப் பார்த்து அமுக்கினே?"

"புகையை."

மூன்று நாள் போனது. நான்காம் நாள் பள்ளிக்கு நடந்து போகும்போது ஒரு தாளைக் காட்டினார். பத்தில் நான்கு விநாடி என்றால், அந்த வேகத்துக்கு மூன்று மீட்டருக்கு மேல்.

"உங்க அக்கா மூணு மீட்டர் முன்னால வந்தாளா?"

"இல்லப்பா."

"எவ்வளவு முன்னால?"

கையை நீட்டிக் காட்டினேன். ஒரு கை நீளம். நீ முன்னால் இருந்ததால் பின்னால் வந்தவள் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்திருக்க மாட்டாய். நாங்கள் பார்த்தோம். உன் நேரம் 12.8.

அங்கேயே ரோட்டில் நின்று அழுதேன். ஒரு மாட்டு வண்டி எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. "வாட்ச்சைக் கொடுத்தது நான், கையெழுத்துப் போட்டது நான். அப்ப அது என் கண்ணு, என் விரல். நீ இதுல இல்ல" என்றார். அக்காவிடம் சொல்கிறேன் என்றேன். "வேண்டாம். உன்னை மன்னிக்க மாட்டா. என்கிட்ட ஒரு மாசம் பேசமாட்டா, அப்புறம் சரியாயிடும்" என்றார்.

கணக்கு வாத்தியார் போட்ட தப்புக் கணக்கு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நீ பதினெட்டு முடிந்ததும் வேலைக்கு வெளியூர் போனாய். ஒரு மாதம் ஒரு வருடமானது. எனக்கு இருபத்து நான்கு வயதில் மறுபடி கேட்டேன். "அவளுக்கு இந்த வீட்ல பேச ஒரு ஆளாவது வேணும்டா. அதையும் பறிக்கணுமா?" என்றார். அது நியாயமாகப் பட்டது. வசதியாகவும் இருந்தது. இரண்டில் எது காரணம் என்று பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

உன் கணக்கில் எல்லாம் சரி. அவர் சத்தத்துக்கு அமுக்கவில்லை. அவர் எழுதியது பொய். யாருக்காக என்பது மட்டும் தவறு.

தம்பி


ஏப்ரல் 3

கிடைத்தது.

கண்ணாடி கொண்டுபோன ஆள் யார்? அம்மாவுக்குத் தெரியுமா? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் போடு. வேறு ஒன்றும் எழுதாதே.


ஏப்ரல் 7

அக்கா,

கண்ணாடிக்காரர் யார் என்று தெரியாது. முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் நான்கைந்து வருடம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்ததில்லை.

அம்மாவுக்குத் தெரியாது. நேற்றுச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "பத்தொன்பது வருஷமா என் வயித்து வலிதான் அவளை வீட்டை விட்டுத் துரத்துச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். அப்பனும் மகனும் பக்கத்துலயே உட்கார்ந்து சாப்பிட்டீங்களேடா" என்றாள். அதற்குப் பிறகு குழாயை நிறுத்தினாள்.

இதை நான் யோசித்ததே இல்லை. அவரும் யோசித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். எனக்குச் சாப்பாடு கிடைக்கிறது. தட்டு மேசையில் விழும் சத்தத்தில்தான் கிடைத்தது தெரிகிறது.

நீ எழுதாதே என்ற ஒன்றை எழுதிவிடுகிறேன். புத்தகத்தில் என் பக்கத்தை மாற்றிவிட்டேன். நீ எடுத்து எழுதின அவருடைய கடிதத்தையும் சேர்த்துவிட்டேன். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "விழா மலர்ல குத்தத்தை ஒத்துக்கிட்டு எழுதினவங்களை நான் பார்த்ததில்ல, சார்" என்றார். போட வேண்டும் என்றேன். "எங்க சாருக்கு இழுக்கு இல்லையே?" என்று கேட்டார். விதியை மீறியது ஒரு இழுக்குதான் என்றேன். "டிராயிங் மாஸ்டர் பல்லை மட்டும் எடுத்துடலாமா? அவர் விழாவுக்கு வர்றார், பாவம்" என்றார். எடுத்துவிட்டேன்.

அச்சுக்கு 14 அன்று போகிறது. பதினேழாம் பக்கம் காலியாக இருக்கிறது. நீ அனுப்பாவிட்டால் காலியாகவே வரும்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

நேரம் 12.8 என்று போடு. 'ஏறக்குறைய' என்று போடாதே.

அவர் என்னைத் தடுக்கவில்லை என்று தெரிந்தால் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. 12.8 ஓடியவளுக்கு 12.5 விடுதியில் இடமில்லை. அவ்வளவு சுருக்கமான விஷயத்துக்கு நான் ஒரு ஊரை விட்டு வந்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் உன்னை இரண்டு அறை அறைந்துவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி வைத்திருப்பேன். உன்னை மன்னிக்க மாட்டேன் என்று முடிவு செய்ய அவர் யார்? அதை நான் செய்து பார்த்திருக்க வேண்டாமா? நீங்கள் இருவரும் சேர்ந்து எனக்குப் பதிலாகக் கோபப்பட்டும் முடித்து, சமாதானமும் ஆகிவிட்டீர்கள். எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

உன் மேல் வந்திருக்கும் கோபம் புதிது. எவ்வளவு நாள் இருக்கும் என்று தெரியாது. அதைக் கணக்குப் போடாதே.

அம்மாவுக்கு நேற்று போன் செய்தேன். நாற்பது நிமிடம். யார் அதிகம் பேசினோம் என்று சொல்ல மாட்டேன்.

பதினேழாம் பக்கம் கீழே. ஒரு எழுத்தையும் மாற்றாதே.

*

ஆறு வருடம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் பதிவு கவுன்ட்டர் மூன்று. என்னுடையது நடுவில். டோக்கன் எண் கூப்பிட்டதும் எந்தக் கவுன்ட்டர் காலியோ அங்கே வருவார்கள். ஒரு பெரியவர் தன் எண்ணைக் கூப்பிட்டும் எழாமல் பக்கத்தில் இருந்தவரை முன்னால் அனுப்பினார். அடுத்தவரையும் அனுப்பினார். என் கவுன்ட்டர் காலியானதும் எழுந்து வந்தார். என் அப்பா.

பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். உட்காருங்க என்றேன். உட்கார்ந்தார். பெயர் கேட்டேன், சொன்னார். வயது கேட்டேன், சொன்னார். தொழில், ஓய்வு பெற்ற ஆசிரியர். என்ன தொந்தரவு என்றேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதாகச் சொன்னார். கூட யார் வந்திருக்காங்க என்றேன். யாருமில்லை என்றார்.

"அவசரம்னா யாருக்குத் தெரிவிக்கணும்?"

"மகளுக்கு."

பெயர் கேட்டேன். சொன்னார். முகவரி கேட்டேன். கதவு எண், இரண்டாம் மாடி, தெரு, அஞ்சல் எண், எல்லாம் வரிசையாகச் சொன்னார். அந்த வீட்டுக்கு அவர் வந்ததில்லை. போன் எண் கேட்கவில்லை. நானே எழுதினேன்.

படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். எல்லாரும் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். அவர் பேனா நுனியை ஒவ்வொரு வரியிலும் வைத்து, முதலிலிருந்து படித்தார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அவசரப்படவில்லை.

"கடைசி ரெண்டு எண்ணு இடம் மாறியிருக்கு. முப்பத்தேழு இல்ல, எழுபத்து மூணு."

பார்த்தேன். என் எண்ணை நானே தப்பாக எழுதியிருந்தேன். திருத்தினேன். கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் அறைக்குப் போகச் சொன்னேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.

*

அவ்வளவுதான் பக்கம். இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் நினைத்திருந்தால் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, எழுந்திருக்கும்போது வாயைத் திறந்தார். நன்றி என்று மட்டும் சொன்னார். அதைப் பக்கத்தில் எழுதவில்லை.

20 அன்று காலை பஸ்ஸில் வருகிறேன். உன் பக்கத்தில் எனக்கு நாற்காலி போடாதே. அம்மாவுக்கு அந்தப் பக்கம் போடு.

அக்கா